அறுந்த இழையும் அடுத்த ஏடும்

பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ராகி முத்தே உருட்டாத வீடு அபூர்வம். தமிழ்நாட்டில் கேழ்வரகுக் களி என்று கிண்டுவதும் அதைத்தான். இத்தனை உள்ளூர்த்தனமாகத் தோன்றும் இந்தத் தானியத்தின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்து, தக்காணத்து மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்ட கிளை வேறு விதமாக வளர்ந்தது. ஆப்பிரிக்க ராகிக்குத் தடித்த தண்டு, கனத்த கதிர், குலைநோயைத் தாங்கும் உடம்பு. ஆனால் விளைய நாள் பிடிக்கும். இந்திய ராகி தூர் கட்டும், சீக்கிரம் அறுவடைக்கு வரும், ஆனால் நோய்க்கு எளிதில் மடியும்.

பிரிந்துபோன இந்த இரண்டு சொந்தங்களையும் மறுபடி சேர்த்துவைத்தவர் மண்டியா வி.சி. பண்ணையில் பணியாற்றிய சி.எச். லட்சுமணய்யா. கர்நாடக விவசாயிகள் அவரை 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தார்கள். அவர் உருவாக்கிய 'இண்டாஃப்' ரகங்களின் பெயரிலேயே இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொல்லும்போது சுலபம். ராகியின் பூ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே தன்னைச் சூல்கொள்ளச் செய்துவிடும். மாட்டுத் தீவனப் புல்லைவிட மெல்லிய அந்தப் பூவிலிருந்து ஊசி முனையால் மகரந்தப் பையைப் பிடுங்குவது ஆகிற காரியம் இல்லை. அதனால் இரண்டு ரகங்களின் கதிர்களையும் ஒன்றோடொன்று தொடும்படி கட்டிவைத்து, மகரந்தம் தானாக மாறி விழக் காத்திருப்பார்கள். கோயம்புத்தூரில் ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் காலத்திலிருந்து வரும் முறை இது. பிறகு வெந்நீரில் கதிரை முக்கி மகரந்தத்தை மட்டும் சாகடிக்கும் முறையும் வந்தது.

இப்படிக் கிடைக்கும் முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பயிர் வளர்ப்பவரின் கண் அதில் இருப்பதில்லை. அடுத்த தலைமுறையில்தான் வயல் முழுக்க விதவிதமாக வெடிக்கும்: கனத்த கதிரோடு சீக்கிரம் விளைவது, மெல்லிய கதிரோடு நோய் தாங்குவது, இரண்டும் கெட்டது, ஆயிரத்தில் ஒன்றாக இரண்டும் சேர்ந்தது. காரணம், முதல் தலைமுறைச் செடி தன் பூவுக்குள் சூலையும் மகரந்தத்தையும் உண்டாக்கும்போது, ஆப்பிரிக்கக் குரோமோசோமும் அதற்கு இணையான இந்தியக் குரோமோசோமும் நீளவாட்டில் அருகருகே படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ராகிக்கு 36 குரோமோசோம்கள், 18 ஜோடிகள். ஜோடிகளைக் கலைத்துப் பங்கிடுவதாலேயே நிறைய வகைகள் பிறக்கும் என்பது உண்மை. ஆனால் விரும்பும் பண்பும் விரும்பாத பண்பும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எத்தனை முறை பங்கிட்டாலும் இரண்டும் சேர்ந்தே வரும். அவற்றைப் பிரிக்க அந்த இழை நடுவில் அறுந்தாக வேண்டும்.

இந்த அறுதலுக்கும் ஒட்டுதலுக்கும்தான் மறுகூட்டிணைவு என்று பெயர். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறிபோலப் போட்டு, நிறம் மாற்றித் தீட்டிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். குச்சி எப்படி முறிந்தது, எதிர்க் குச்சியும் அதே இடத்தில் எப்படி முறிந்தது, இலட்சக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துகள் ஓடும் வரிசையில் ஓர் எழுத்துகூட விழாமல் எப்படி ஒட்டியது என்ற கேள்விகளை அந்தப் படம் கேட்க விடுவதில்லை.

விடை வரச் சற்று நாளாயிற்று. 1931இல் ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து, பண்புகள் இடம் மாறும்போது குரோமோசோமின் பாகங்களே இடம் மாறுகின்றன என்று காட்டினார்கள். 1961இல் மேத்யூ மெசல்சனும் ஜீன் வைகிளும் வைரஸ் ஒன்றின் டி.என்.ஏ. உண்மையிலேயே உடைந்து ஒட்டுவதை நிறுவினார்கள். 1964இல் ராபின் ஹாலிடே, பயிர்களைத் தாக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சை போன்றவற்றை ஆராய்ந்து, இரண்டு இரட்டை இழைகள் தத்தம் ஒற்றை இழையைப் பரிமாறிக்கொண்டு நான்கு கைகள் கொண்ட ஒரு சந்திப்பாக நிற்கும் என்று காகிதத்தில் வரைந்தார். அந்த நாற்சந்திக்கு இன்றும் ஹாலிடே சந்திப்பு என்றே பெயர்.

ஆனால் கதையின் நிஜமான திருப்பம் 1965இல் கலிபோர்னியாவில் நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஜான் கிளார்க்கும் ஆன் டீ மார்குலிஸும் மறுகூட்டிணைவு செய்ய முடியாத ஈ. கோலை பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் கெட்டுப்போயிருந்த மரபணுவுக்கு ரெக்-ஏ என்று பெயர். அந்தப் பாக்டீரியாக்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது: புற ஊதாக் கதிர் சற்றே பட்டாலும் செத்துப்போயின. வகைவகையான சந்ததிகளை உண்டாக்கும் வேலையும் அடிபட்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் வேலையும் ஒரே மரபணுவின் கையில் இருந்தன. எது முதல் வேலை, எது உபரி என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. பாலினப் பெருக்கமே இல்லாத பாக்டீரியாவுக்கு இந்தக் கருவி அன்றாடம் தேவைப்படுவது உயிர் பிழைக்க. பன்மயம் என்பது பழுதுபார்க்கும் பட்டறையில் பின்னாளில் கிடைத்த கூடுதல் வருமானம். புத்தகங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பழகிவிட்டன.

டி.என்.ஏ. அறுந்துபோவது என்றோ ஒருநாள் நேரும் விபத்தும் அல்ல. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது தடுமாறினாலே அறும்; மூச்சுவிடுவதன் கழிவாக உண்டாகும் ஆக்சிஜன் சேர்மங்கள் பட்டாலும் அறும்; எக்ஸ் கதிர் பட்டாலும் அறும். மனித செல் ஒன்றில் நாளைக்குப் பத்து முதல் ஐம்பது இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுகின்றன என்பது பரவலான மதிப்பீடு. ஓர் இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் அறுந்தால்?

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்ததைத்தான் செல்லும் செய்கிறது. ஓர் ஏட்டில் செல்லரித்துப் போன வரியை இன்னோர் ஊரிலிருந்து வந்த ஏட்டில் தேடுவது. சிதைவுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்து அதே இடத்தைக் கண்டுபிடிப்பது. அங்கிருப்பதைப் பார்த்து இங்கே நிரப்புவது. செல்லுக்குள் அந்த இரண்டாம் ஏடு, சற்று முன் படியெடுக்கப்பட்ட உடன்பிறப்பு இழையாகவோ, தாய் தந்தையில் மற்றவரிடமிருந்து வந்த இணைக் குரோமோசோமாகவோ இருக்கும். தேடும் வேலையைச் செய்பவர் ரெக்-ஏ மரபணு தரும் அதே பெயருள்ள புரதம். மனிதரில் அதன் உறவினருக்கு ரேட்-51 என்று பெயர்.

ரெக்-ஏ எப்படித் தேடுகிறது என்ற கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஓர் ஆய்வகம் பெங்களூரில் இருக்கிறது. மல்லேஸ்வரத்துக்கும் யஷ்வந்த்பூருக்கும் அருகே, ஊர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறை அது. அங்கே பேராசிரியராக இருந்த கே. முனியப்பா, அதற்கு முன் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ராடிங்கிடம் பணியாற்றியவர். ஹாலிடேயின் மாதிரியை மெசல்சனோடு சேர்ந்து 1975இல் திருத்தி எழுதியவர் ராடிங். அவருடைய ஆய்வகத்தில் 1984இல் முனியப்பாவும் சகாக்களும் விடுவித்த முடிச்சு ஒன்று, ரெக்-ஏவின் குணத்தைப் புரிந்துகொள்ள நல்ல நுழைவாயில்.

அந்தச் சோதனையைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் டி.என்.ஏ. ஒற்றை இழை வளையம், 5,386 எழுத்துகள். அதே வைரஸின் இரட்டை இழை வடிவத்தை எடுத்து, ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் நறுக்கி நேர்க்கோடாக்கிக் கொள்வார்கள். வளையத்தையும் கோட்டையும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயில் போட்டு, மெக்னீசியம், ஆற்றல் தரும் ஏ.டி.பி., ரெக்-ஏ சேர்த்து 37 டிகிரியில் வைக்கவேண்டும். ரெக்-ஏ மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று எழுத்துகள் மேல் உட்காரும் என்பதால், ஒரு வளையத்தை மூட ஏறக்குறைய 1,800 மூலக்கூறுகள் வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து, புரதத்தைக் கரைத்துவிட்டு, அகரோஸ் ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சாயமேற்றிப் புற ஊதா விளக்கில் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பட்டைகள் தெரியும். ஆரம்பத்தில் கோட்டுக்கு ஒரு பட்டை, வளையத்துக்கு ஒரு பட்டை. நேரம் ஆக ஆக, ஜெல்லின் மேல்பகுதியில், நகரச் சோம்பல்படும் புதுப் பட்டை ஒன்று தலைகாட்டும். வளையமும் கோடும் பின்னிக்கொண்டு பாதி வழியில் நிற்கும் கூட்டு உருவம் அது. கடைசியில் கோட்டின் ஓர் இழை முழுக்க வளையத்தோடு ஜோடி சேர்ந்துவிட, வெளியே தள்ளப்பட்ட பழைய இழை தனியே கிடக்கும். வெட்டும் நொதியும் இல்லை, ஒட்டும் நொதியும் இல்லை. ஒரே புரதம் ஜோடியைப் பிரித்துப் புது ஜோடி சேர்த்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல். ஒற்றை இழை டி.என்.ஏ. சும்மா இருப்பதில்லை; தன்மேலேயே மடங்கி, தன் எழுத்துகளோடேயே ஜோடி சேர்ந்து கொண்டை ஊசி வளைவுகளாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் மேல் ரெக்-ஏ சீராக ஏற முடியாது. செல்லில் எஸ்.எஸ்.பி. என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. ஒற்றை இழையைக் கண்டால் ஓடிப்போய் மூடிக்கொள்வது அதன் வேலை. அப்படியானால் அது ரெக்-ஏவுக்குப் போட்டியாளர் அல்லவா? அப்படியிருந்தும் அதைச் சேர்த்தால் வினை வேகமெடுத்தது. முனியப்பாவும் சகாக்களும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் தந்த விளக்கம், எஸ்.எஸ்.பி. போன்ற புரதங்கள் முறுக்குகளை நீட்டி, ரெக்-ஏ இடைவெளியின்றிப் படர வழி செய்கின்றன என்பது. போட்டியாளர் அல்ல, முன்னோடி.

படர்ந்து முடித்த ரெக்-ஏ இழை ஒரு விசித்திரமான பொருள். உள்ளே இருக்கும் டி.என்.ஏ. தன் இயல்பு நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கப்பட்டிருக்கும். சீராக இழுபட்டிருந்தால் எழுத்துகள் எல்லாம் விலகி, எதிர் இழையோடு பொருந்தாமல் போயிருக்கும். 2008இல் நிகோலா பாவ்லெட்டிச்சின் குழு இதன் படிக அமைப்பை வெளியிட்டபோதுதான் தந்திரம் புரிந்தது. மூன்று மூன்று எழுத்துகள் இயல்பான நெருக்கத்தில் சேர்ந்திருக்கின்றன. இழுவையெல்லாம் ஒரு மும்மைக்கும் அடுத்த மும்மைக்கும் நடுவில். ஆகவே ரெக்-ஏ மும்மையாகவே வாசிக்கிறது. தேடும்போது முதலில் எட்டு எழுத்துகள் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் உடனே கைவிடுகிறது. பொருந்தினால் மும்மை மும்மையாக முன்னேறுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எரிக் கிரீன் குழு 2015இல் தனித்தனி மூலக்கூறுகளைப் பார்த்து உறுதி செய்தது இது. ஈ. கோலையின் 46 இலட்சம் எழுத்து ஜோடிகளில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் வேகத்தின் இரகசியம், தவறான இடத்தில் நேரத்தை வீணாக்காததுதான்.

பெங்களூருக்குத் திரும்பிய முனியப்பா எடுத்துக்கொண்ட ரெக்-ஏ, காசநோய்க் கிருமியினுடையது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனமும் இதே பெங்களூரில்தான் இருக்கிறது. ஆனால் உயிர்வேதியியலாளரை இழுத்தது வேறொன்று. நம் உடலின் விழுங்கு செல்கள் காசநோய்க் கிருமியை விழுங்கி, டி.என்.ஏ.வை அறுக்கும் இரசாயனங்களைப் பொழிகின்றன. அதற்குள்ளேயே அது வருடக்கணக்கில் குடியிருக்கிறது என்றால் பழுதுபார்க்கும் பட்டறை வலுவானதாக இருக்கவேண்டும். அந்தப் பட்டறையின் தலைமை ஆசாரியான ரெக்-ஏவோ பார்வைக்கே கோளாறாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எலைன் டேவிஸும் சகாக்களும் கண்டது இது: கிருமி இந்தப் புரதத்தை 790 அமினோ அமிலங்கள் நீளத்துக்குத் தயாரிக்கிறது, நடுவில் இருக்கும் 440 அமினோ அமிலங்கள் ரெக்-ஏவே அல்ல. புரதம் உருவானதும் அந்த நடுத்துண்டு தன்னைத் தானே கத்தரித்துக்கொண்டு வெளியேறி, இரு முனைகளையும் ஒட்டிவைத்துவிட்டுப் போகிறது. மிஞ்சும் 350தான் வேலை செய்யும் ரெக்-ஏ. இப்படித் தன்னையே வெட்டிக்கொள்ளும் துண்டுக்கு இன்டீன் என்று பெயர்.

வெட்டப்படுவதற்கு முன் அந்தப் புரதத்தால் ஏதாவது வேலை நடக்குமா? 1996இல் முனியப்பாவின் குழு இரண்டு வடிவங்களையும் பிரித்தெடுத்து அருகருகே வைத்துச் சோதித்தது. வெட்டி ஒட்டிய வடிவம்தான் வேலைக்காரன். 1999இல் எம்.பி. வாஸேயும் முனியப்பாவும், இந்த ரெக்-ஏவின் இழை மாற்றும் திறன் கரைசலின் அமில-காரத் தன்மையைப் பெரிதும் சார்ந்திருப்பதைக் காட்டினார்கள். காசநோய்க் கிருமியில் விரும்பிய மரபணுவை மாற்றியமைக்க ஆராய்ச்சியாளர்கள் அந்த நாட்களில் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள இது ஒரு தடயம் ஆயிற்று. வெளியேறிய இன்டீனும் சும்மா இருக்கவில்லை. 2002இல் அதுவே டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தை வெட்டும் நொதி என்று அதே குழு கண்டது. ஒட்டும் புரதத்தின் வயிற்றிலேயே ஒரு வெட்டும் புரதம்.

அதே வளாகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் 1971இல் தொடங்கிய மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினோடு இன்சுலின் அமைப்பில் வேலை செய்துவிட்டு வந்த எம். விஜயன் அங்கே படிகவியல் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய குழு 2000இல் காசநோய்க் கிருமி ரெக்-ஏவின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது. ஈ. கோலையின் ரெக்-ஏவைவிட இது ஏ.டி.பி.யை ஏன் மந்தமாக உடைக்கிறது என்பதற்கான விளக்கம் அந்த அமைப்பிலேயே கிடைத்தது. ஒரே வளாகத்துக்குள் ஒருவர் புரதத்தின் நடத்தையையும் மற்றவர் அதன் உருவத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது நம் நாட்டு ஆய்வுச் சூழலில் அடிக்கடி வாய்க்காத பொருத்தம். 2014இல் முனியப்பாவின் ஆய்வகம், ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் வந்த சுராமின் என்ற பழைய மருந்து இந்த ரெக்-ஏவை முடக்குகிறது என்று வெளியிட்டது. ஆண்டிபயாட்டிக்கால் அடிபட்ட பாக்டீரியா ரெக்-ஏவை வைத்தே அபாய மணி அடித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்த மணியை அறுத்தால் மருந்துக்கு வலு கூடும் என்பது அதன் பின்னால் இருக்கும் கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் தற்செயலாக அறுந்த இழை. ராகிப் பூவில் நடப்பது அப்படியல்ல. அங்கே செல் வேண்டுமென்றே தன் டி.என்.ஏ.வை அறுக்கிறது.

இதைத் துணிந்து சொன்னது 1983இல் ஜாக் ஷோஸ்டாக், டெர்ரி ஓர்-வீவர், ராட்னி ராத்ஸ்டைன், ஃபிராங்க்ளின் ஸ்டால் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை. தன் மரபுச் சொத்தை இரண்டு இழையும் சேர அறுத்துத்தான் மறுகூட்டிணைவு தொடங்குகிறது என்றால் யார்தான் எளிதில் நம்புவார்கள்? 1997இல் ஸ்காட் கீனி, கிரேக் ஷிரூ, நான்சி கிளெக்னர் மூவரும் ரொட்டி ஈஸ்ட்டில் அறுக்கும் கத்தியையே பிடித்தார்கள்: ஸ்போ-11. பாலினச் செல்களை உண்டாக்கும் குன்றல் பகுப்பின்போது இந்தப் புரதம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இரட்டை இழையை அறுக்கிறது. அறுந்த முனைகளை வேறு நொதிகள் கொறித்து ஒற்றை இழை வாலாக்குகின்றன. அந்த வாலில் ரெக்-ஏவின் உறவினர்கள் படர்ந்து, உடன்பிறப்பு இழையை விட்டுவிட்டு இணைக் குரோமோசோமைத் தேடிப் போகின்றன. வால் எதிர்த்தரப்பு இரட்டை இழைக்குள் நுழைகிறது. அங்குள்ளதைப் பார்த்துப் படியெடுக்கிறது. இரண்டாம் முனையும் வந்து சேர, இரண்டு ஹாலிடே சந்திப்புகள் உருவாகின்றன. நாற்சந்தியை எந்தத் திசையில் வெட்டி விடுவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, குரோமோசோம்களின் கைகள் இடம் மாறும், அல்லது மாறாமல் சிறு ஒட்டு மட்டும் மிஞ்சும்.

அந்தச் சிறு ஒட்டிலும் ஒரு வேடிக்கை. பார்த்து எழுதிய ஏட்டில் பாடபேதம் இருந்தால் அந்தப் பாடமே இங்கேயும் ஏறிவிடும். இரண்டுக்கு இரண்டு என்று பிரியவேண்டிய பண்பு, ஈஸ்ட்டின் நான்கு வித்துகளில் சில சமயம் மூன்றுக்கு ஒன்று என்று வருவது இதனால்தான். மெண்டலின் கணக்கு இடறும் இந்த இடத்தைத் தீர்க்கத்தான் ஹாலிடே தன் படத்தை வரைந்தார்.

ஆனால் வால் தேடத் தொடங்குமுன் இணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று நெருங்கிப் படுக்கவேண்டும். ஈஸ்ட்டில் இதற்கு உதவும் புரதங்களில் ஒன்று ஹாப்-1. அந்த மரபணுவை 1989இல் விவரித்த நான்சி ஹாலிங்ஸ்வொர்த், பிரெக் பையர்ஸ் இருவரோடும் சேர்ந்து முனியப்பாவின் குழு 1998இல் ஹாப்-1 டி.என்.ஏ.வை நேரடியாகப் பற்றுவதைக் காட்டியது. அதிலும் அதன் பிரியம் குவானின் என்ற ஜி எழுத்து மிகுந்த இடங்கள் மேல். ஜி எழுத்துகளுக்கு ஒரு வினோத குணம் உண்டு. நான்கு ஜி-க்கள் சதுரமாகக் கைகோத்து, சதுரத்தின் மேல் சதுரமாக அடுக்கிக்கொள்ளும். நான்கு இழைகளால் ஆன அந்த அடுக்கை ஹாப்-1 உருவாக்கவும் செய்கிறது என்று 2000இல் கண்டார்கள். 2004இல் அனுராதாவும் முனியப்பாவும் ஒரு படி மேலே போய், தனித்தனி இரட்டை இழைகள் இரண்டை இந்த ஜி-சதுரங்கள் வழியாக ஹாப்-1 பக்கவாட்டில் இழுத்துச் சேர்ப்பதைச் சோதனைக் குழாயில் காட்டினார்கள். ஈஸ்ட் செல்லுக்குள்ளும் நடப்பது இதுவே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குரோமோசோம்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் புதிருக்கு வேதியியல் மொழியில் ஒரு விடை என்ற வகையில் அது கவனிக்கத் தக்கது.

கைகள் இடம் மாறும் இந்தக் குறுக்கேற்றங்களின் தடங்கள் மனித விந்தணு ஒன்றில் சராசரியாக 25க்குச் சற்று மேல், முட்டை ஒன்றில் 40ஐ ஒட்டி இருக்கின்றன. பெண்ணுக்குக் குறுக்கேற்றம் நடக்கும் காலம்தான் ஆச்சரியம்: அவள் பிறப்பதற்கு முன்பே, கருவில் இருக்கும்போதே. ஒருவருக்குத் தாய்வழி வந்த குரோமோசோம்கள் அறுந்து ஒட்டியது அவருடைய அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்த மாதங்களில்.

ஏடு பார்த்து ஒட்டும் முறை ஒன்றே செல்லுக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த ஏட்டையும் பார்க்காமல் அறுந்த முனைகளை அப்படியே இழுத்து ஒட்டும் முறையும் உண்டு. நம் செல்களில் அதுதான் அதிகம் நடக்கிறது. ஓரிரு எழுத்து விழுந்தாலும் விழும். இந்தக் கரடுமுரடான வேலையையே நம் நோயெதிர்ப்பு மண்டலம் மூலதனமாக்கிக்கொண்டது. எதிர்ப்புரதம் தயாரிக்கும் மரபணு பிறவியில் முழுசாக இருப்பதில்லை. வி, டி, ஜே எனத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 1989-90இல் டேவிட் ஷாட்ஸ், மார்ஜோரி ஓட்டிங்கர், டேவிட் பால்டிமோர் அடையாளம் கண்ட ராக்-1, ராக்-2 புரதங்கள் இந்தத் துண்டுகளின் ஓரத்தில் அறுத்துக் கொடுக்கின்றன. ஒட்டும் நொதியான லிகேஸ்-4 முனைகளைச் சேர்க்கிறது. எதிர்ப்புரதம் தயாரிக்கும் வெள்ளணு ஒவ்வொன்றிலும் சேர்க்கை வேறு. பார்த்திராத கிருமியையும் அடையாளம் காணும் எதிர்ப்புரதம் நம்மிடம் இருப்பது இதனால்தான். அப்படித் துண்டுகள் இடம் மாறுகின்றன என்பதைக் கண்ட சுசுமு டொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

கத்தி தவறான இடத்திலும் விழும். நிணநீர்ப் புற்றுநோய் வகை ஒன்றில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு, செல்லைச் சாகவிடாத பி.சி.எல்.-2 என்ற மரபணுவை எதிர்ப்புரத மரபணுவின் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடுகின்றன. 18ஆம் குரோமோசோமில் அறுதல் பெரும்பாலும் 150 எழுத்து நீளமுள்ள ஒரே சிறு பகுதிக்குள் நிகழ்கிறது. அங்கே ராக் புரதத்துக்குரிய அடையாள எழுத்துகள் இல்லை. பிறகு ஏன்? அமெரிக்காவில் மைக்கேல் லீபரின் ஆய்வகத்தில் இருந்த சதீஷ் ராகவன் 2004இல் நேச்சர் இதழில் எழுதிய விடை: அந்தப் பகுதி வழக்கமான இரட்டைச் சுருளாக இல்லாமல் கோணலாக முறுக்கிக்கொள்கிறது, எழுத்தைப் பார்க்காமல் அந்த உருவத்தைப் பார்த்தே ராக் வெட்டுகிறது. பின்னர் ராகவன் வந்து சேர்ந்ததும் பெங்களூரின் அதே உயிர்வேதியியல் துறையில்தான்.

2012இல் அவருடைய குழு, பெங்களூரின் கே.எல்.இ. மருந்தியல் கல்லூரி வேதியியலாளர்களோடு சேர்ந்து, லிகேஸ்-4ஐத் தடுக்கும் எஸ்.சி.ஆர்.-7 என்ற மூலக்கூறை செல் இதழில் அறிமுகப்படுத்தியது. முனைகளை இழுத்து ஒட்டும் வழியை அடைத்தால் புற்றுச் செல்கள் அறுந்த டி.என்.ஏ.க்களோடு திணறிச் சாகும் என்பது நோக்கம்; எலிகளில் கட்டிகள் சுருங்கின. மூன்றே ஆண்டுகளில் அந்த மூலக்கூறு எதிர்பாராத வாசலில் போய் நின்றது. கிரிஸ்பர் கருவியால் மரபணுவை அறுத்து, தாங்கள் தரும் மாதிரியைப் பார்த்து செல் ஒட்டவேண்டும் என்று விரும்பிய ஆய்வாளர்களுக்கு, செல்லின் அவசர ஒட்டு வேலைதான் பெருந்தொல்லை. எஸ்.சி.ஆர்.-7ஐச் சேர்த்தால் ஏடு பார்த்து ஒட்டும் வீதம் 19 மடங்கு வரை கூடுகிறது என்று 2015இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் ஒரு குழு எழுதியது. சந்தையில் அதற்குக் கிராக்கி வந்தது. மறுப்பும் வந்தது: 2016இல் அமெரிக்கக் குழு ஒன்று, விற்கப்படும் சரக்கின் வேதியமைப்பே வேறு, லிகேஸ்-4ஐக் குறிவைத்துத் தாக்கும் வலுவும் அதற்கில்லை என்று எழுதியது. மூலக்கூறு கரைசலில் வேறு வடிவங்களாக மாறிவிடுகிறது என்பது பெங்களூர் தரப்பு தந்த விளக்கம். சில ஆய்வகங்களில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு மூலக்கூறைச் சேர்ந்தது; இன்னொரு பங்கு செல்லைச் சேர்ந்தது. ஏடு பார்த்து ஒட்டும் வழி, செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்து முடித்து, உடன்பிறப்பு இழை பக்கத்தில் இருக்கும் சில மணி நேரம்தான் முழுதாகத் திறந்திருக்கும். வளர்ப்புத் தட்டில் ஓயாமல் பிரியும் செல்கள் அந்தக் கட்டத்தைத் தினமும் கடக்கின்றன. மூளையில் பகுப்பை நிறுத்திவிட்ட நரம்புச் செல் அதைக் கடப்பதே இல்லை. அங்கே லிகேஸ்-4ஐ எவ்வளவு அடக்கினாலும், முனையைக் கொறித்து ரேட்-51ஐ ஏற்றும் வேலை அநேகமாகத் தொடங்குவதில்லை. நரம்பு நோய்களுக்குக் கிரிஸ்பரோடு வருபவர்கள் இப்போது இழையை அறுக்காமலே எழுத்தை மாற்றும் வேறு கருவிகளைத் தேடிப் போகிறார்கள்.